கீழே வைக்காத மூன்று டாலர்

அந்த நோட்டைக் கையில் எடுத்ததும் டாக்டர் கொர்னீலியா டைக்ஸ்ட்ரா முதலில் மூச்சு விடுவதை நிறுத்தினாள். அடுத்து, அக்கம்பக்கம் பார்த்தாள்.

கிராண்ட் ராபிட்ஸ் நகரத்துப் படைவீரர் சங்க மண்டபம் ஜேஜே என்றிருந்தது. வரிசை வரிசையாக மேஜைகள். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. உள்ளே ஈரக் கம்பளிக் கோட்டு வாசனை, காப்பி வாசனை. பழைய நாணயம், பழைய நோட்டு, பழைய தபால்தலை என்று பைத்தியம் பிடித்த பாதி மிச்சிகன் அங்கேதான் இருந்தது. நல்லவேளை, யாரும் இவளைக் கவனிக்கவில்லை.

மறுபடி கையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் மெல்லிசான காகிதம், பழைய டீ டிகாக்ஷன் நிறம். நடுவில் மாடு கறக்கும் பெண்ணின் படம். நான்கு மூலையிலும் மூன்று, மூன்று, மூன்று, மூன்று. நெற்றியில் வளைந்த எழுத்தில், ‘பெல்லோஸ் க்ரீக் வங்கி’.

பெல்லோஸ் க்ரீக் அவளுடைய ஊர். அந்த ஊர் மாடுகளுக்கெல்லாம் அவள்தான் டாக்டர். வாஷிங்டனில் அச்சடித்த ஒரே மாதிரிப் பச்சை நோட்டு நாடு முழுக்க ஓடுவதற்கு முந்தைய காலத்தில், மில்லும் மாதா கோயிலும் இருந்த ஊரெல்லாம் சொந்தமாக ஒரு வங்கி வைத்துச் சொந்தமாக நோட்டு அடித்தது. பெல்லோஸ் க்ரீக்கும் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று நாலே தினுசு. கொல்லன் பட்டறைக்கு மாடியில் இருந்த அந்த வங்கி இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

ஒன்றும் இரண்டும் ஐந்தும் கொர்னீலியாவிடம் இருந்தன. மூன்று இல்லை. அவளிடம் மட்டுமா? யாரிடமும் இல்லை. ‘பெல்லோஸ் க்ரீக் மூணு’ என்றால் நோட்டு சேகரிப்பவர்கள் சங்கக் கூட்டங்களில் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். கண்ணால் பார்த்ததாகச் சொன்ன ஒரே ஆளும் இறந்துபோய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இது கிடைத்தால் அந்த வங்கியின் முழு வரிசையும் இருக்கிற ஒரே ஆள் அவள்தான். கிடைக்காவிட்டால் சாகும்வரை தேடவேண்டியதுதான்.

“ஆர்லோ எங்க?” என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

அந்த மேஜை ஆர்லோ ஸ்டாஃபருடையது. பழைய நோட்டு வியாபாரி. நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்து மேஜையில் வெள்ளி நாணயங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பெர்னிஸ் நோவிட்ஸ்கி நிமிர்ந்தாள்.

“ஆர்லோவா? பனி தள்ற வண்டி போற வழியில வேனை நிறுத்தியிருக்கான், புத்திசாலி. இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. மீட்டுட்டு வரப் போயிருக்கான்.”

“எப்ப வருவார்?”

“வேன் எப்ப கிடைக்குதோ அப்ப. என்னைப் பார்த்துக்கச் சொன்னான், அவ்வளவுதான். விக்கச் சொல்லல. உங்க கந்தலுக்கெல்லாம் எனக்கு விலை தெரியாதும்மா.”

நோட்டு சேகரிப்பவர்களை நாணயக்காரர்கள் ‘கந்தல் பொறுக்கிகள்’ என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்துக் காகிதத்தைக் கிழிந்த துணியில்தான் செய்தார்கள் என்பதால், கோபப்படவும் முடியாது.

“நான் காத்திருக்கேன்,” என்றாள் கொர்னீலியா.

“தாராளமா. அதை அங்க வச்சிட்டு, போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வாயேன்.”

வைப்பதாவது.

இந்த மண்டபத்தில் ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் இவ்வளவு ஒழுங்காக யாரும் மதித்திருக்கவும் மாட்டார்கள். ஒரு பொருள் ஒருவர் கையில் இருக்கும்வரை, அதற்கு இன்னொருவர் விலை கேட்கக்கூடாது, வியாபாரியும் விற்கக்கூடாது. உலகமே வரிசையில் நின்றாலும் சரி. ஆனால் கையிலிருந்தவர் அதை மேஜைமேல் வைத்துவிட்டால், போச்சு. அந்த நொடியிலிருந்து அது எடுத்தவர் பொருள்.

பிடித்துக்கொண்டு நிற்பதில் கொர்னீலியாவுக்குப் பயம் கிடையாது. நடுக்குளிரில் தோள்வரை மாட்டுக்குள் கையை விட்டு, கன்றின் காலைப் பிடித்தால் வெளியே வரும்வரை விடாத கை அது.

“அடடே, டாக்டரம்மா.”

அவள் உறையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

வெண்டல் பிக்ஃபோர்ட். ஆறடி உயரம், கழுத்தில் புள்ளி போட்ட டை. இன்ஷூரன்ஸ் விற்று ஓய்வு பெற்றவர். எதிரில் இருப்பவரின் பயம் எதுவென்று கண்டுபிடித்தே முப்பது வருஷம் சாப்பிட்ட மனிதர். அவரிடமும் பெல்லோஸ் க்ரீக் ஒன்று, இரண்டு, ஐந்து இருந்தன. அவருக்கும் மூன்றுதான் பாக்கி.

அவருடைய பார்வை அவள் தோளுக்கு மேலாக எட்டி, நோட்டின் மூலையில் இருந்த ‘3’ல் விழுந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டது.

“நல்ல நோட்டு போலிருக்கே,” என்றார்.

“பார்த்துட்டிருக்கேன்.”

“பாருங்க, பாருங்க. அவசரமே இல்ல. நான் சும்மா இப்படி நிக்கிறேன்.”

அவள் முதுகுக்குப் பின்னால், சரியாக ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டார்.

*

முதல் தாக்குதல் இனிப்பாக வந்தது.

கொஞ்ச நேரம் காணாமல் போன வெண்டல் திரும்பி வந்தபோது ஒரு கையில் ஆவி பறக்கும் காப்பி, மறு கையில் போலந்துக்காரர்களின் பூஞ்ச்கி. உள்ளே பிளம் ஜாம், வெளியே சர்க்கரைத் தூள், பிடித்தாலே விரலெல்லாம் பிசுபிசுக்கிற பெரிய உருண்டை.

“காலையிலருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. இந்தாங்க.”

இரண்டையும் நீட்டினார். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு கை வேண்டும். இவளிடம் இருந்ததோ ஒன்றுதான். காலையில் ஒரு பண்ணையில் கன்று ஈன்ற அவசரத்தில் உண்மையாகவே அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. பாவி மனிதர், அதைக்கூட மோப்பம் பிடித்துவிட்டார்.

கொர்னீலியா இடது கையால் காப்பியை வாங்கிக்கொண்டாள். அப்புறம் வாயைத் திறந்தாள்.

“என்ன?” என்றார் வெண்டல்.

“ஊட்டுங்க.”

“டாக்டரம்மா, எல்லாரும் பார்க்கிறாங்க.”

“பார்க்கட்டும். பசிக்குதுன்னு கண்டுபிடிச்சது நீங்கதானே?”

வேறு வழியில்லாமல், முகம் பீட்ரூட்டாகச் சிவக்க, அந்தப் பெரிய மனிதர் பூஞ்ச்கியை அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் நிதானமாகக் கடித்தாள். மறுபடி வாயைத் திறந்தாள். சர்க்கரைத் தூள் அவருடைய டையில் கொட்டியது.

“என் புருஷன் கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு இப்படி ஊட்டல,” என்றாள் பெர்னிஸ். “அடுத்த வாய் எனக்குக் குடுங்க வெண்டல்.”

இரண்டாவது தாக்குதல் ஒலிபெருக்கியில் வந்தது. “கவனிக்கவும். பச்சை நிற பிக்கப் வண்டி. பின்கதவு திறந்து கிடக்கிறது. உரிமையாளர் உடனே வாகன நிறுத்தத்துக்கு வரவும்.”

பச்சை பிக்கப் கொர்னீலியாவுடையது. மாட்டு மருந்துப் பெட்டியெல்லாம் அதில்தான் இருக்கும். அவள் நகரவில்லை.

“உங்க வண்டி மாதிரி இருக்கே?” வெண்டலின் குரலில் அப்படி ஒரு அக்கறை.

“என் வண்டிதான். வீட்டுக் கொட்டகையில நிக்குது. பின்கதவு திறந்திருந்தா என் கோழிதான் உள்ள ஏறியிருக்கும். நான் இன்னைக்குத் தங்கச்சி கார்ல வந்தேன்.”

வெண்டல் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு மெல்ல விசிலடித்தார்.

பிறகு சங்கத்து நண்பர் ஒருவரைக் கூட்டிவந்து அறிமுகம் செய்தார், கைகுலுக்க வேண்டுமாம். கொர்னீலியா முழங்கையை நீட்டினாள். அந்த நண்பர் அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஒன்றும் புரியாமல் போனார்.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்லோ வரவில்லை. குடித்த காப்பியோ தன் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. கொர்னீலியா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள்.

“கழிப்பறை அந்தக் கோடியில இருக்கு,” என்றார் வெண்டல், மிக மரியாதையாக.

“தெரியும்.”

“மேஜையை விட்டு சரக்கை அவ்வளவு தூரம் எடுத்துட்டுப் போக முடியாதே?”

“அதுவும் தெரியும்.”

“சும்மா சொன்னேன்.”

*

மனத்தை வேறு பக்கம் திருப்பினால் அவஸ்தை குறையும் என்று அவள் நோட்டைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். இத்தனை நேரமும் கொர்னீலியா அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாளே தவிர, பார்க்கவில்லை. வங்கியின் பெயரைப் பார்த்தாள், மூன்றைப் பார்த்தாள், வெண்டலைப் பார்த்தாள். அதோடு சரி. வெண்டலும் அப்படித்தான். அவள் விடமாட்டேன் என்கிறாள், ஆகவே அது தங்கம் என்று அவர் நினைத்தார். அவர் நகரமாட்டேன் என்கிறார், ஆகவே அது தங்கம் என்று இவள் நினைத்தாள். இரண்டு பேரும் கரைகண்டவர்கள்தான். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் சேகரிப்பவர்களுக்கு முதலில் அவிந்துபோவது கண்.

இப்போதுதான் மாட்டைப் பார்த்தாள்.

நல்ல மாடு. மடி நன்றாக இறங்கியிருந்தது. கறவைக்காரப் பெண் முக்காலியில் உட்கார்ந்து, நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்துக் கறந்துகொண்டிருந்தாள். எல்லாம் சரி. ஆனால் எங்கேயோ உறுத்தியது. டாக்டர் கண்ணுக்கு நெருடியது.

அந்தப் பெண் மாட்டுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

மிச்சிகனில் யாரும் அப்படி உட்கார மாட்டார்கள். கையால் கறப்பதென்றால் வலது பக்கம்தான். மாடும் அதற்குத்தான் பழகியிருக்கும். இடது பக்கம் போய் உட்கார்ந்தால் பாலுக்குப் பதிலாக உதைதான் கிடைக்கும்.

படம் வரைந்தவன் பட்டணத்துக்காரனாக இருக்கலாமோ? கொர்னீலியா நோட்டைக் கண்ணருகே கொண்டுவந்தாள். பின்னால் ஒரு விவசாயி புல் அறுத்துக்கொண்டிருந்தான். நீண்ட பிடி போட்ட அரிவாளை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் வீசினான். அந்த அரிவாளின் வளைவு வலது கைக்காரன் வலமிருந்து இடமாக வீசுவதற்கென்றே செய்வது. இடது கைக்கு ஒன்றுகூடச் செய்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. அவன் சட்டைப் பொத்தானும் பெண்பிள்ளைச் சட்டை மாதிரி மாறிப் போட்டிருந்தது.

ஒன்று தப்பாக இருக்கலாம். மூன்றும் சேர்ந்து தப்பாக இருந்தால்?

முழுப் படமும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பியிருந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எவனோ ஒரு கள்ளன் அசல் நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துச் செப்புத் தகட்டில் செதுக்கியிருக்கிறான். தகட்டில் செதுக்குவது காகிதத்தில் இடவலம் மாறித்தான் விழும். எழுத்தை மட்டும் நினைவாகத் திருப்பிச் செதுக்கினவன், படத்தைத் திருப்ப மறந்துவிட்டான். அந்தக் காலத்திலேயே அடித்த கள்ள நோட்டு.

இத்தனை நேரம் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு போலியை.

கொர்னீலியாவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பெர்னிஸ் எட்டிப் பார்த்தாள். சிரிப்பு.

*

ஒரு நிமிஷம் அவளுக்குள் பிசாசு புகுந்தது உண்மை. பேசாமல் மேஜைமேல் வைத்துவிடலாம். வெண்டல் பருந்து மாதிரிப் பாய்வார். என்ன விலையானாலும் கொடுப்பார். ‘என் ஆல்பத்தில் ஒரு போலிகூடக் கிடையாது’ என்று முகவரி அட்டையிலேயே அச்சடித்து வைத்திருக்கும் மனிதர் அவர். அடுத்த கூட்டத்தில் அதை எல்லாருக்கும் காட்டும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம்.

ஆனால் அந்த மனிதர் பூஞ்ச்கி ஊட்டியிருக்கிறார்.

“வெண்டல்,” என்றாள் திரும்பி. “இது கள்ள நோட்டு.”

வெண்டல் அவளைப் பார்த்தார். மெதுவாக அவர் முகத்தில் ஒரு புன்னகை படர்ந்தது.

“பலே,” என்றார்.

“நிஜமா சொல்றேன். மாட்டைப் பாருங்க, அந்தப் பொண்ணு எந்தப் பக்கம்...”

“டாக்டரம்மா, நான் இன்ஷூரன்ஸ் வித்தவன். எரியாத வீடு எரிஞ்சுதுன்னு சொல்றவங்களைத் தினமும் பார்த்தவன். கள்ள நோட்டுன்னா நான் போயிடுவேன், நீங்க நிம்மதியா வாங்கிக்கலாம். அதானே?”

“நம்ப மாட்டீங்களா?”

“கழிப்பறை அந்தக் கோடியில,” என்றார் வெண்டல்.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. இனி அவர் பாடு. கொர்னீலியா நோட்டை மேஜைமேல் வைத்தாள். விரல் முழுசாக விலகக்கூட இல்லை. அவருடைய கை அதன்மேல் இறங்கியிருந்தது.

“நன்றி, டாக்டரம்மா,” என்றார் வெண்டல்.

“ஆண்டவன் உங்களைக் காப்பாத்தட்டும்,” என்றுவிட்டு அவள் அந்தக் கோடியை நோக்கி ஓடினாள்.

*

கை கழுவும் தொட்டியின் முன்னால் நின்று, கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அது தலையில் இடித்தது.

வங்கி மூடியபோது என்ன நடந்தது? பெல்லோஸ் க்ரீக்கில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். நோட்டு வைத்திருந்தவர்களெல்லாம் வந்து கொடுத்துவிட்டுக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த நோட்டை அரசாங்க அதிகாரி கொல்லன் உலையிலேயே போட்டு எரித்தார். ஒன்றும் இரண்டும் ஐந்துமாவது ஆயிரக்கணக்கில் அடித்தவை. எரித்தது போக அங்கொன்றும் இங்கொன்றும் தப்பின. மூன்று அடித்ததே சொற்பம். மொத்தமும் வீடு திரும்பி, மொத்தமும் உலைக்குள் போயிருக்க வேண்டும். அதனால்தான் இத்தனை வருஷமாக ஒன்றுகூட யார் கண்ணிலும் படவில்லை.

கள்ள நோட்டு எங்கே திரும்பிப் போகும்? அதை வாங்கிக்கொள்ள வங்கி இல்லை. எரிக்க ஆளில்லை. ஏமாந்தவன் திட்டிவிட்டு ஏதோ புத்தகத்துக்குள் செருகியிருப்பான். நல்லதெல்லாம் எரிந்துபோக, கெட்டது மட்டும் உயிரோடு இருந்துவிட்டது.

அப்படியென்றால், உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே ‘பெல்லோஸ் க்ரீக் மூணு’ அந்தப் போலிதான். அசல் மூன்று எப்படி இருந்தது என்று சொல்வதற்கும் அதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. வரிசையில் மூன்றின் இடத்தில் வைப்பதற்கு இனி எப்போதாவது ஏதாவது கிடைக்குமென்றால், அது இதுதான்.

அதைக் கீழே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். தன் கையால். வெண்டலிடம்.

கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் அவள் திரும்பி ஓடினாள்.

*

வெண்டல் அதே இடத்தில், நோட்டை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். கொர்னீலியா மூச்சு வாங்க அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தொப்பியெல்லாம் பனியோடு ஆர்லோ ஸ்டாஃபர் உள்ளே வந்தான். குட்டையான ஆள், நல்ல குரல்.

“வேன் கிடைச்சிருச்சு,” என்றான். “நான் கட்டின பணத்துக்கு இன்னொரு வேனே வாங்கியிருக்கலாம். என்ன வெண்டல், கையில என்ன? ஓ, அந்தக் கள்ள நோட்டா?”

வெண்டலின் முகம் விழுந்தது. “கள்ள நோட்டா?”

“பின்ன? உறைக்குப் பின்னால சீட்டு ஒட்டியிருக்கேனே.”

வெண்டல் உறையைத் திருப்பினார். சின்னதாக, சுத்தமாக, ஆர்லோவின் கையெழுத்தில் ‘அந்தக் காலத்துப் போலி, நாற்பது டாலர்’ என்று இருந்தது. இரண்டு கரைகண்டவர்களும் உறையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெர்னிஸ் நாணயத்தைத் துடைத்துக்கொண்டே, “கந்தல் பொறுக்கிகள்,” என்று தனக்குள் சொன்னாள்.

வெண்டலின் கை மேஜையை நோக்கித் தாழ்ந்தது. கொர்னீலியாவின் கண்ணும் கூடவே தாழ்ந்தது. இன்னும் ஒரு விரல் தூரம். அரை விரல்.

கை நின்றது.

“ஆமா,” என்றார் வெண்டல், திரும்பாமலே. “போலின்னு தெரிஞ்சுதானே நீங்க போனீங்க? அப்புறம் ஏன் இப்படி ஓடி வந்து என் பிடரியில மூச்சு விட்டுக்கிட்டு நிக்கிறீங்க?”

முப்பது வருஷ இன்ஷூரன்ஸ் மூளை. கொர்னீலியா மேஜையைப் பார்த்தாள். அவளுடைய கம்பளிக் கையுறை அங்கே கிடந்தது.

“கையுறையை விட்டுட்டுப் போயிட்டேன்,” என்றாள். அதை எடுத்துக்கொண்டாள். “வெளிய குளிருதில்ல?”

திரும்பி நடந்தாள்.

அவள் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான். இங்கே நின்றால் அவர் விடமாட்டார். போனால்தான் வைப்பார். வைத்தால் வேறு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனாலும் போனாள். திரும்பிப் பார்க்காமல், காப்பிக் கடைக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியை மும்முரமாகப் பார்த்தாள்.

காலடிச் சத்தம் வந்தது. எதிரே நாற்காலி இழுபட்டது. வெண்டல். ஒரு கையில் தொப்பி. மறு கை காலி.

காலி.

“டாக்டரம்மா, உங்ககிட்ட மன்னிப்புக் கேட்கணும்,” என்றார். “நீங்க உண்மையைச் சொன்னீங்க. நான்தான் நம்பல.”

“பரவாயில்ல வெண்டல். விடுங்க.” அவள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

“இல்ல, உட்காருங்க. நான் ஒரு காப்பி வாங்கித் தரேன். இது நிஜக் காப்பி. தந்திரம் இல்லாத காப்பி.”

இப்போது எழுந்து ஓடினால் அவர் மோப்பம் பிடித்துவிடுவார். அவருடைய கால் நீளம். இரண்டே எட்டில் முந்திவிடுவார். கொர்னீலியா உட்கார்ந்தாள். காப்பி வந்தது. கொதித்தது. அவள் ஊதி ஊதிக் குடித்தாள்.

“அசல் எங்கயோ இருக்கும்,” என்றார் வெண்டல். கண் தூரத்தில் எங்கோ இருந்தது. “ஏதோ ஒரு பரண்ல, ஏதோ ஒரு பைபிளுக்குள்ள. அதை யோசிச்சாத்தான் எனக்குக் காலையில எழுந்திருக்கவே பிடிக்குது. சொன்னா சிரிப்பீங்க.”

“சிரிக்க மாட்டேன்,” என்றாள். அவளும் அப்படித்தான் எழுந்திருப்பாள்.

சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்போது அவருடைய தோளுக்கு மேலாக ஆர்லோவின் மேஜை தெரிந்தது. அதன் முன்னால் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு ஆள் குனிந்துகொண்டிருந்தார். கொர்னீலியாவுக்கு அவரைத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். விஸ்கான்சினிலிருந்து வருகிறவர். நாணயம், நோட்டு, தபால்தலை என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது. மாடு படம் போட்டிருந்தால் வாங்குவார்.

சிவப்புத் தொப்பி இன்னும் குனிந்தது.

கொர்னீலியா காப்பியை வெண்டல் கையில் திணித்தாள். “பிடிங்க,” என்றாள். ஓடினாள்.

தபால்தலை மேஜையைச் சுற்றி, ஒரு குழந்தை வண்டியைத் தாண்டி, இரண்டு கிழவர்களுக்கு நடுவே புகுந்து ஓடினாள். மேஜையை அடைந்தபோது சிவப்புத் தொப்பிக்காரரின் ஆள்காட்டி விரல் உறையின் மேல் இருந்தது. மாட்டைச் செல்லமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

கொர்னீலியா மறு நுனியைப் பிடித்துத் தூக்கினாள்.

“ஹலோ,” என்றார் அவர் திகைத்து. “நான் தொட்டுக்கிட்டிருக்கேனே.”

“தொடுறது கணக்கில்ல,” பெர்னிஸ் தலையைத் தூக்காமலே சொன்னாள். “தூக்கணும். தூக்கினது டாக்டர். நான் பார்த்தேன்.”

ஆர்லோ தலையாட்டினான். சட்டம் சட்டம்தான். சிவப்புத் தொப்பிக்காரர் பெருமூச்சோடு விரலை எடுத்துக்கொண்டார்.

அப்போது வெண்டல் வந்து சேர்ந்தார். இரண்டு கையிலும் காப்பி, பாதி டையில்.

“தெரியும்,” என்றார். “அந்தக் கையுறையிலயே சந்தேகம். என்ன விஷயம்? எனக்குத் தெரியாம என்ன இருக்கு அதுல?”

கையில் நோட்டு இருந்ததால் கொர்னீலியாவுக்கு இப்போது உண்மை பேசுவது சுலபமாக இருந்தது. கொல்லன் உலையைச் சொன்னாள். வீடு திரும்பி எரிந்துபோன அசல்களைச் சொன்னாள். போக இடமில்லாததால் பிழைத்துக்கொண்ட போலியைச் சொன்னாள்.

வெண்டல் ஆர்லோவின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“நான் அதைக் கையில வச்சிருந்தேன்,” என்றார் கடைசியில்.

“நானும்தான். நான் முதல்ல வச்சேன், நீங்க ரெண்டாவது வச்சீங்க.”

“நீங்க பொய்கூடச் சொல்லல. உண்மையைச் சொல்லியே என்னை ஏமாத்தியிருக்கீங்க.” அவருடைய தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. இந்த முறை பெர்னிஸ் எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பு மண்டபம் முழுக்கக் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “அப்ப அசல் கிடைக்கவே கிடைக்காதா?”

“கிடைச்சா உங்களுக்கு. நான் கையைக்கூட நீட்ட மாட்டேன்.”

“எழுதிக் குடுங்க.”

“எப்படி எழுத? கையில நோட்டு இருக்கே.”

ஆர்லோ தொண்டையைச் செருமினான். “யாராவது எனக்குப் பணம் குடுக்கிறதா உத்தேசம் இருக்கா? வேன்காரன் என்னை உரிச்சுட்டான்.”

“வெண்டல்,” என்றாள் கொர்னீலியா, “என் தோள்ல தொங்குற பையில பர்ஸ் இருக்கு. எடுத்து ஆர்லோவுக்கு நாற்பது குடுங்க.”

“நானா?”

“வேற யாரு? ஊட்டி விட்ட கைதானே?”

வெண்டல் பிக்ஃபோர்ட், தான் தேடிய நோட்டுக்கான பணத்தைப் போட்டிக்காரியின் பர்ஸிலிருந்து தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். இரண்டு இருபது டாலர் பச்சை நோட்டு. அவற்றை ஆர்லோவும் பார்க்காமல்தான் பைக்குள் போட்டான்.

“குடுங்க டாக்டர், புது உறையில போட்டுத் தரேன்,” என்று கையை நீட்டினான்.

கொர்னீலியா அந்தக் கையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற வெண்டலின் கையைப் பார்த்தாள். இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்த சிவப்புத் தொப்பிக்காரரின் விரலைப் பார்த்தாள்.

“வேண்டாம்,” என்றாள். “இப்படியே வீட்டுக்குப் போறேன்.”

நோட்டைக் கோட்டுக்குள் மார்போடு பிடித்துக்கொண்டு அவள் வாசலுக்கு நடந்தாள். வெண்டல் முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்தார். வெளியே வெயில் பனிமேல் பட்டுக் கண் கூசியது. தங்கச்சியின் கார் தெருக்கோடியில் நின்றது. பாதை முழுக்கக் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது.

சரியாக ஒரு சாண் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

“நீங்க எங்க வரீங்க?” என்றாள் திரும்பாமல்.

“ரொம்ப வழுக்குது, டாக்டரம்மா,” என்றார் வெண்டல். “தவறி விழுந்தா, கையிலருக்கிறது கீழ விழுந்துடுமேன்னுதான்.”

“விழுந்தாலும் கை மேலதான் இருக்கும்.”

“இருக்கட்டும். கார் வரைக்கும் வரேன்.”